மாயக்கதைக்கு முதல் பத்துப் பக்கம்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருக்கிறீர்கள். ஃபேன்டசி நாவல் எழுதும் ஆசை உள்ளவர்களுக்காகப் பேச வேண்டும் என்று வாசகர் வட்டத்து நண்பர்கள் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. பதிப்பகங்களுக்கு வருகிற கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துச் சொல்வது என் வேலைகளில் ஒன்று. ஒரு காலத்தில் அவற்றில் மாயக்கதை அபூர்வம். இப்போது வருகிறது, ஆர்வத்தோடு வருகிறது. ஆகவே இலக்கியத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசாமல், எழுத உட்காருகிறவருக்கு முதல் சில மாதங்களில் என்ன தேவைப்படும் என்பதை மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எனக்கு வருகிற கட்டுகளைப் பிரித்தால் பெரும்பாலும் முதலில் இருப்பது ஒரு வரைபடம். அழகாக வண்ணம் தீட்டியிருப்பார்கள். அதற்கடுத்து நான்கு அரச வம்சங்களின் கொடிவழி, ஒரு நாட்காட்டி, சில சமயம் புதிதாக உருவாக்கிய எழுத்து முறை, எந்தக் குலத்துக்கு எந்த ஆயுதம் என்ற அட்டவணை. இவையெல்லாம் அறுபது எழுபது பக்கம் போகும். கடைசியில் முதல் அத்தியாயம் என்று இரண்டரைப் பக்கம். அதிலும் ஒரு கிழவர் ஓர் இளைஞனுக்கு அந்த அறுபது பக்கத்தைச் சுருக்கிச் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒன்றரை வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஓர் உலகத்தையே யோசித்த பிள்ளையின் பொறுமை சாதாரணமானதில்லை. ஆனால் அந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பசிக்கிறவர் இல்லை, கடன்பட்டவர் இல்லை, பயந்தவர் இல்லை. கதை தொடங்குவதற்கு அங்கே யாருமே இல்லை.

இதைச் சொன்னதும் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: டோல்கீன் அப்படித்தானே செய்தார்? மொழிகளை உருவாக்கினார், ஆயிரக்கணக்கான வருட வரலாற்றை எழுதினார், பிறகுதானே நாவலுக்கு வந்தார்?

அவர் கதையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். முதல் உலகப் போரின் காலத்திலேயே டோல்கீன் தன் புராணங்களை எழுதத் தொடங்கிவிட்டார். இருபது வருடம் எழுதினார். ஆனால் 1937 செப்டம்பரில் அச்சாகி வாசகர்களிடம் போன ‘தி ஹாபிட்’ பிறந்த விதம் வேறு. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர், யாரோ ஒரு மாணவர் எழுதாமல் விட்ட வெற்றுப் பக்கத்தில், நிலத்துக்குள் வளை தோண்டி வாழும் ஒரு ஹாபிட்டைப் பற்றி ஒற்றை வாக்கியம் எழுதினார். ஹாபிட் என்றால் என்ன என்று அப்போது அவருக்கே தெரியாது. அதைக் கண்டுபிடிக்கப் போனபோதுதான் கதை வந்தது. புத்தகம் நன்றாக விற்றதும் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அடுத்தது என்ன இருக்கிறது என்று கேட்டார். டோல்கீன் தன் இருபது வருடப் புராணங்களை எடுத்துக் கொடுத்தார். பதிப்பகம் அதை ஏற்கவில்லை. இன்னொரு ஹாபிட் கதைதான் கேட்டது. அந்த வருடம் டிசம்பரிலேயே அவர் புதுக் கதையை ஆரம்பித்தார். அது ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ ஆகி 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வந்தது. முதலில் கொடுத்த புராணங்கள் அவர் இறந்தபின், 1977இல், மகன் தொகுத்து வெளியிட்ட பிறகே புத்தகமாயின.

அந்த இருபது வருட உழைப்பு வீண்போகவில்லை. நாவலுக்கு ஆழம் தந்தது அதுதான். ஆனால் வாசகரை உள்ளே கூட்டிக்கொண்டு போனவர், வீட்டை விட்டு நகர விருப்பமில்லாத, வேளாவேளைக்குச் சாப்பாடு வேண்டும் என்கிற ஒரு சிறிய மனிதர்.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘தி ஹாபிட்’டின் ஐந்தாவது அத்தியாயத்தில் அந்த ஹாபிட்டான பில்போ இருட்டுக் குகைக்குள் கோல்லம் என்ற பிராணியைச் சந்திக்கிறான். விடுகதைப் போட்டி நடக்கிறது. 1937ஆம் வருடப் பதிப்பில் கோல்லம், தோற்றால் தன் மாய மோதிரத்தையே பரிசாகத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். தோற்றதும் எடுத்துவரப் போகிறான், காணவில்லை; அது ஏற்கெனவே பில்போவின் கையில். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வழி காட்டி அனுப்பிவைக்கிறான். அடுத்த நாவலை எழுதும்போதுதான் டோல்கீனுக்கு அந்த மோதிரம் எவ்வளவு கொடியது என்று புரிகிறது. அதைக் கையில் வைத்திருப்பவன் மனதார யாருக்கும் கொடுக்க மாட்டான். அப்படியானால் அச்சாகிவிட்ட அத்தியாயத்தை என்ன செய்வது? அவர் அதைத் திருத்தி எழுதினார். 1951ஆம் வருடப் பதிப்பில் கோல்லம் மோதிரத்தைத் தருவதாகச் சொல்வதே இல்லை. அவன் பில்போவைக் கொல்லத்தான் போகிறான். பழைய பதிப்பைப் படித்தவர்களுக்கு என்ன பதில்? அது பில்போ தன் நண்பர்களிடம் சொன்ன பொய் என்று புதிய நாவலில் சேர்த்துவிட்டார். அந்தப் பொய்யே மோதிரம் அவனைக் கெடுக்கத் தொடங்கியதற்கு அடையாளம் ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்து உலக ஃபேன்டசியில் இதைவிடச் சிறந்த திருத்தம் கிடையாது. அந்த மோதிரத்தின் வரலாறு முழுவதும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் இது நடந்திருக்காது. நாவலில் அரசனாகிற ஸ்ட்ரைடரும் முதல் வரைவுகளில் மரக்கட்டைச் செருப்பு போட்ட ஒரு ஹாபிட்தான். எழுதிக்கொண்டு போகும்போதுதான் அவர் யார் என்பது எழுதியவருக்கே தெரியவந்தது.

அர்சுலா லெ குவினை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எர்த்ஸீ’ என்கிற தீவுக்கூட்டம் முதலில் 1964இல் ஒரு பத்திரிகையில் வந்த இரண்டு சிறுகதைகளில் இருந்தது. ஒன்றில் சிறைப்பட்ட ஒரு மந்திரவாதி. இன்னொன்றில் ஒரு சின்னத் தீவு, ஒரு சுமாரான மந்திரவாதி, பெயர் தொடர்பான ஒரு விதி. ஒருவரின் மெய்ப்பெயரை அறிந்தவருக்கு அவர்மீது அதிகாரம் உண்டு என்பது அந்த விதி. மூன்று வருடம் கழித்து ஒரு பதிப்பாளர் வளரிளம் பருவத்தினருக்கு ஒரு நாவல் கேட்டபோது அந்தத் தீவுகளுக்கு அவர் திரும்பிப் போனார். நாவலுக்கென்று உட்கார்ந்ததும் முதலில் தீவுகளின் படத்தைத்தான் வரைந்தார். இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் படத்துக்கு முன்னால் எழுதி முடித்து அச்சான இரண்டு கதைகள் இருந்தன. 1968இல் நாவல் வந்தது.

ஆகவே தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் உலகத்தில் நடக்கிற ஒரு சிறுகதையை முதலில் எழுதி முடியுங்கள். பன்னிரண்டு பக்கம் போதும். ஓர் ஊர், இரண்டு மூன்று பேர், ஒரே ஒரு மாயம். சாம்ராஜ்யம் பிறகு வரட்டும்.

அந்த ஒரே ஒரு மாயம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாம் வெளிநாட்டுக்குப் போக வேண்டியதில்லை. மணிமேகலையை எடுத்துப் படியுங்கள். பரீட்சைக்குப் படித்த ஞாபகத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு மாயக்கதை எழுதுகிறவராகப் படியுங்கள்.

ஆபுத்திரன் மதுரையில் பிச்சையெடுத்து, கிடைத்ததைப் பார்வையற்றோருக்கும் நோயாளிகளுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை உண்டு வாழ்கிறான். ஒரு மழைநாள் நள்ளிரவில் பசியோடு சிலர் வந்து எழுப்புகிறார்கள். கையில் ஒன்றுமில்லை. அவன் கலங்கி நிற்பதைப் பார்த்து சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத ஒரு பாத்திரத்தை அவனுக்குத் தருகிறாள். அமுதசுரபி. இனி நாமாக இருந்தால் என்ன எழுதுவோம்? ஓர் அரக்கன் பாத்திரத்தைத் திருட வருவான். ஒரு கெட்ட அரசன் படை எடுத்து வருவான். மணிமேகலையை எழுதிய சாத்தனார் அப்படிச் செய்யவில்லை. வரம் தர வந்த இந்திரனை ஆபுத்திரன் பொருட்படுத்தாமல் சிரித்துவிடுகிறான். கோபம் கொண்ட இந்திரன் பாத்திரத்தைத் தொடக்கூட இல்லை. பஞ்சத்தில் கிடந்த பாண்டிய நாட்டில் மழையைப் பொழியவைத்தான். நாடு செழித்தது. ஆபுத்திரனிடம் சோறு கேட்டு வர யாருமில்லை.

எவ்வளவு பெரிய இடம் அது! பாத்திரத்தின் சக்தி ஒரு துளியும் குறையவில்லை. அது செயல்படத் தேவையான பசி மட்டும் இல்லாமல் போய்விட்டது. கேட்பவர்களைத் தேடி ஆபுத்திரன் ஊர் ஊராக அலைகிறான். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடுகிறது. ஆயிரம் பேருக்குச் சோறு போடும் பாத்திரம் கையில். தீவில் அவனைத் தவிர யாரும் இல்லை. அதில் தான் மட்டும் உண்டு உயிர்வாழ அவனுக்கு மனமில்லை. வருடத்தில் ஒருநாள் மட்டும் வெளிப்படட்டும் என்று வேண்டிப் பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணாமல் உயிர் துறக்கிறான்.

உங்கள் மாயப்பொருளிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் முழுவதும் இந்தக் கிளைக்கதைக்குள் இருக்கின்றன. இது எப்போது பயன்படாமல் போகும்? இதை வைத்திருப்பவர் எதைச் செய்ய மாட்டார்? இதை உடைக்காமலே தோற்கடிப்பது எப்படி? அதே காப்பியத்தில் மணிமேகலைக்கு வேற்றுரு எடுக்கும் மந்திரம் தெரியும். தன்னைத் துரத்தும் இளவரசன் உதயகுமாரனிடமிருந்து தப்பிக்கக் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவம் எடுக்கிறாள். தப்பிக்கவும் செய்கிறாள். ஆனால் அந்தக் காயசண்டிகையைத் தேடிப் பன்னிரண்டு வருடம் கழித்து அவள் கணவன் காஞ்சனன் வந்து நிற்கிறான். தன் மனைவியிடம் வேற்று ஆண் பேசுவதாக நினைத்து உதயகுமாரனை வெட்டிக் கொல்கிறான். மந்திரம் சரியாக வேலை செய்தது. அதனாலேயே ஓர் உயிர் போயிற்று. இன்றைய ஃபேன்டசி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன், மாயத்தின் வலிமையைவிட அதன் எல்லைகளே கதைக்கு உதவும் என்று தன் மாணவர்களுக்கு விதியாகவே வகுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். அவர் சொல்வது சரி. அந்தப் பாடத்துக்கான கதைகள் நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது நாமே ஒரு கதையைத் தொடங்கிப் பார்ப்போம். விதிகளைக் கேட்டுக்கொண்டிருப்பதைவிட இது உங்களுக்கு உதவும்.

நம் ஊர் ஏரிகளில் மடை திறக்கிற ஆள் உண்டு. பழைய மடைகளில், ஏரிக்கு உள்ளே இரண்டு கல்தூண்கள் நிற்கும். அடியில் தூம்பின் வாய் ஒரு கல்லால் அடைபட்டிருக்கும். தண்ணீர் நிறைந்திருக்கும்போது ஓர் ஆள் மூழ்கிப் போய் அந்த அடைப்பை நீக்க வேண்டும். இழுப்பில் சிக்கினால் மேலே வர முடியாது. உயிரைக் கொடுத்து மடை திறந்தவர்களைப் பற்றிய கதைகள் பல ஊர்களில் உண்டு. நிஜத்திலேயே இவ்வளவு இருக்கிறது. இதோடு ஒரே ஒரு மாயத்தைச் சேர்ப்போம். நம் கதையில் மடை திறக்கிறவருக்குத் தண்ணீருக்குள் மூச்சுவிட முடியும். ஆனால் ஒவ்வொரு முறை மூழ்கி எழும்போதும் அவருக்குத் தெரிந்த ஒருவர் அவர் நினைவிலிருந்து அழிந்துபோவார். யார் அழிவார் என்பது அவர் கையில் இல்லை.

இதற்கு மேல் எதையும் யோசிக்காமல் முதல் காட்சிக்குப் போங்கள். ஐப்பசி மழை. ஏரி நிரம்பிக் கலிங்கு வழிகிறது, கரை தாங்காது என்று ஊரே கூடிவிட்டது. அவர் மூழ்குகிறார். அடைப்பைத் தூக்குகிறார். மதகு வழியாகத் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டு ஜனங்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். அவர் கரையேறி வருகிறார். கையில் துண்டோடு எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி ஓடிவந்து நிற்கிறாள். துண்டை வாங்கித் தலையைத் துவட்டிக்கொண்டே அவளைப் பார்த்து அவர் கேட்கிறார்: “நீ யார் வீட்டுப் பிள்ளை?”

இது கதையின் மூன்றாவது பக்கம். இங்கே வந்து சேர்ந்த வாசகர் புத்தகத்தைக் கீழே வைக்க மாட்டார். உலகம் இந்த இடத்திலிருந்து தானாக விரியத் தொடங்குகிறது. அந்த ஊருக்கு இது பழகிப்போன விஷயமாக இருக்கும் அல்லவா? அப்படியானால் என்ன ஏற்பாடு செய்திருப்பார்கள்? தினமும் காலையில் அவர் வாசலில் உட்கார்ந்து ஊர்க்காரர்களின் பெயரையும் உறவையும் அவருக்கு ஒப்பித்துக் காட்ட ஒரு கிழவி இருக்கலாம். அவளுக்கும் அறுவடைக்களத்தில் ஒரு பங்கு நெல் உண்டு. அவள் ஒருத்தரைப் பற்றி வேண்டுமென்றே மாற்றிச் சொன்னால் என்ன ஆகும்? ஒரு பங்காளிச் சண்டையை அவளால் தீர்க்கவும் முடியும், கொளுத்திப் போடவும் முடியும். மடை திறக்கிறவருக்குப் பெண் கொடுக்க யார் முன்வருவார்கள்? நிறையப் பேரைத் தெரிந்துவைத்திருந்தால் தன் குடும்பம் அழியும் வாய்ப்புக் குறையும் என்று அவர் சந்தை சந்தையாகப் போய் முன்பின் தெரியாதவர்களிடம் பெயர் கேட்டுப் பழகுவாரா? அந்த மகள் வளர்ந்ததும் அப்பாவின் வேலைக்கு வருவாளா?

பிறகு இது அரசன் காதுக்குப் போகும். தண்ணீருக்குள் மூச்சுவிடுகிற ஆட்களை ஓர் அரசன் சும்மா விடுவானா? முத்துக் குளிக்க வைப்பான். எதிரியின் துறைமுகத்துக்குக் கடலடியில் அனுப்பிக் கப்பலில் ஓட்டை போடச் சொல்வான். வீட்டை, ஊரை, கடைசியில் யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்பதையே மறந்துபோன ஒரு படை உருவாகும். பாருங்கள், சாம்ராஜ்யம் வந்துவிட்டது. துறைமுகம் எங்கே, ஏரியிலிருந்து எத்தனை நாள் நடை என்ற கேள்வி வரும்போது நீங்கள் வரைபடம் வரையுங்கள். அப்போது அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் வேலை இருக்கும்.

இந்தக் கதையை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். என் அனுமதி தேவையில்லை.

அடுத்தது, கதாபாத்திரங்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது. தமிழில் மாயக்கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய சிக்கல் இல்லை என்றே நினைக்கிறேன். வருகிற படிகளில் இரண்டு வகைப் பேச்சுதான் கண்ணில் படுகிறது. ஒன்று பழைய ராஜா ராணி சினிமாவின் தமிழ்: “பெண்ணே, யார் நீ? எதற்காக இங்கு நிற்கிறாய்?” மற்றொன்று இன்றைய சென்னைக் கல்லூரிப் பேச்சு, கையில் வாளோடு. முதல் வகையில் உயிர் இல்லை. இரண்டாவது, கதையின் மயக்கத்தை ஒரே வரியில் கலைத்துவிடும். லெ குவின் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆங்கிலத்துக்கு இதே பிரச்சினையைப் பேசியிருக்கிறார். மாய நாட்டுப் பிரபுக்கள் வாஷிங்டன் அரசியல்வாதிகளைப் போலப் பேசினால் அது மாய நாடு ஆகாது என்பது அவர் வாதம்.

“நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்ற வரியில் பழஞ்சொல் எதுவும் இல்லை, இன்றைய கொச்சையும் இல்லை. எந்தக் காலத்துக் கிராமத்திலும் கேட்கக்கூடிய கேள்வி. சொந்த மகளிடம் கேட்பதால்தான் அது குத்துகிறது. நம் மொழியில் இந்த மாதிரி இடங்களுக்கு ஆங்கிலத்தில் இல்லாத வசதிகள் உண்டு. நம் மடைக்காரர் இன்னொரு நாள் மூழ்கி எழுந்து வீட்டுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோறு போடுகிற மனைவியிடம், “போதும், நீங்க சாப்பிட்டீங்களா?” என்கிறார். பதினைந்து வருடமாக ‘நீ’ என்று கூப்பிட்ட மனிதர். கரண்டி அவள் கையில் அப்படியே நிற்கும். நடந்தது என்ன என்று நீங்கள் ஒரு வரிகூட விளக்க வேண்டாம். நீ, நீர், நீங்கள், தாங்கள். அண்ணன், அத்தான், மாமா, ஐயா. உங்கள் உலகத்தில் யார் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அது முடிவானால் அந்தச் சமூகத்தின் மேடுபள்ளங்களில் பாதி முடிவாகிவிடும்.

பெயர்களுக்கும் அதே கவனம் தேவை. ஆங்கில நாவல்களின் பெயர்களைக் கொஞ்சம் திருகித் தமிழில் எழுதிய மாதிரி நிறையப் பேர் வைக்கிறார்கள். நம் ஊர்ப்பெயர்களைக் கவனித்துப் பாருங்கள், ரா.பி. சேதுப்பிள்ளையின் ‘ஊரும் பேரும்’ இதற்கு மிக நல்ல துணை. பட்டினம் என்று முடிந்தால் கடல் பக்கத்தில் இருக்கிறது. மங்கலம் என்றால் யாரோ அரசன் தானமாகக் கொடுத்திருக்கக்கூடும். பாளையம் என்றால் ஒரு காலத்தில் படை தங்கியிருக்கலாம். கற்பனை ஊருக்கும் இப்படி ஒரு பெயர் வைத்தால், பெயரைப் படித்ததுமே வாசகர் அந்த ஊரின் பழங்கதையை ஊகித்துக்கொள்வார். ஒரு பத்தி மிச்சம்.

இதோடு சேர்ந்ததுதான் நிலம். பனி பொழிகிற மலைப்பாதை, கணப்பு எரிகிற சத்திரம், கருவாலி மரக்காடு, ஓநாய் ஊளை. இப்படி ஆரம்பிக்கிற தமிழ்ப் படிகள் பல வருகின்றன. எழுதியவர் தஞ்சாவூர்க்காரராக இருப்பார். டோல்கீன் சிறுவயதில் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் ஸேர்ஹோல் என்ற கிராமத்தில் இருந்தார். அந்த ஊர் மில்லும் வயலும் மரங்களும்தான் ஹாபிட்டுகளின் ஷையர். அவர் தனக்குத் தெரிந்த மண்ணை எழுதினார். அவரைப் பின்பற்றுவது என்றால் நாம் நம் மண்ணை எழுதுவதுதான். பனையும் உடைமரமும் கருவேலங்காடும் மாயத்துக்குக் குறைந்த இடங்கள் இல்லை. உச்சிவெயிலில் தனியாகப் போகாதே என்று பாட்டிமார்கள் சொல்கிற ஊர் நம்முடையது. மற்ற நாட்டுக் கதைகள் பலவற்றில் பயம் இருட்டில் வரும். இங்கே நடுப்பகலிலும் வரும். இதை யாராவது ஒரு நாவலாக எழுத மாட்டார்களா என்று நான் பல வருடமாகக் காத்திருக்கிறேன்.

என்ன படிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, கி. ராஜநாராயணன் தொகுத்த நாட்டார் கதைகள். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவின் பழைய இதழ்கள் கிடைத்தால், சங்கர் வரைந்த வேதாளப் படங்களுக்காகவே புரட்டுங்கள். ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ 1997இல் வந்தது. தமிழில் ஒரு முழு நகரத்தை, அதன் தத்துவங்களோடும் கோபுரங்களோடும் கற்பனையில் எழுப்ப முடியும் என்பதற்கு அது சாட்சி. கடினமான நாவல், மெதுவாகப் படியுங்கள். லெ குவினின் முதல் எர்த்ஸீ நாவலையும் கட்டாயம் படியுங்கள். சின்னப் புத்தகம்தான். தற்பெருமையில் ஒரு பையன் செய்த தவறு எப்படி அவனையே துரத்துகிறது என்பதுதான் கதை. ஒரு பெரும்போர்கூட அதில் கிடையாது.

நேரம் பற்றிக் கொஞ்சம். வேலைக்குப் போகிறவர்கள் இங்கே இருப்பதால் டெர்ரி பிராட்செட்டைச் சொல்கிறேன். அவர் இங்கிலாந்தில் மின் உற்பத்தி வாரியத்தில் பத்திரிகைத் தொடர்பு அலுவலராக இருந்தவர். டிஸ்க்வேர்ல்ட் வரிசையின் முதல் நாவல் 1983இல் வந்தது. வேலையை விட்டது 1987இல்தான். வேலை பார்த்த காலத்தில் இரவுக்கு 400 சொல் என்று கணக்கு வைத்து எழுதினார். ஒருநாள் ஒரு நாவல் 300 சொல்லிலேயே முடிந்துவிட, மிச்சம் 100 சொல்லை அடுத்த நாவலுக்கு எழுதினாராம். அவருடைய நண்பர் நீல் கெய்மன் சொன்ன தகவல் இது. தமிழில் சொற்கள் ஒட்டி ஒட்டி வருவதால் நமக்கு 250 போதும். அப்படியானால் வருடத்துக்கு முந்நூறு நாள் எழுதினாலே 75,000 சொல். அது ஒரு முழு நாவல்.

சாண்டர்சன் மாணவராக இருந்தபோது ஓட்டலில் இரவுநேர வரவேற்பு மேஜையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 2005இல் முதலில் அச்சான ‘எலாண்ட்ரிஸ்’ அவர் எழுதிய ஆறாவது நாவல். அது விலைபோன காலத்தில் அவர் பதின்மூன்றாவது நாவலில் இருந்தார். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முதல் நாவல் அச்சாகாமல் போனால் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்து நிறுத்திவிடுகிற நல்ல கைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால் சொல்கிறேன்.

ஏழு பாகத் திட்டத்தோடு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் புத்தகத்தில் தொடங்கிய பிரச்சினை முதல் புத்தகத்திலேயே ஒரு முடிவுக்கு வரட்டும். ரௌலிங் ஏழு புத்தகத்துக்குத் திட்டமிட்டார் என்பது உண்மைதான். ஆனால் 1997இல் வந்த முதல் ஹாரி பாட்டரைத் தனியாக எடுத்துப் படித்தாலும் அது ஒரு முழுக்கதை. பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிறகு அதை ஏற்றுக்கொண்ட ப்ளூம்ஸ்பரி, முதல் அச்சில் 500 கெட்டி அட்டைப் பிரதிகள்தான் போட்டது. தமிழ்ப் பதிப்பாளரும் முதல் புத்தகத்துக்குச் சில நூறு பிரதிகள் போடத் துணிந்தால் அது மரியாதைதான். பதிப்பாளருக்கு அனுப்பும்போது ஒரு பக்கக் கதைச்சுருக்கமும் முதல் மூன்று அத்தியாயங்களும் போதும். கொடிவழிகளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்டால் கொடுக்கலாம்.

அதற்கு முன்னால் யாரிடமாவது காட்டுங்கள். எழுதுகிற நண்பர்களுக்கு முன்பாக ஒரு பிள்ளையிடம் படித்துக் காட்டுங்கள். ‘தி ஹாபிட்’டின் கையெழுத்துப் படியை ஸ்டான்லி அன்வின் கொடுத்துப் படிக்கச் சொன்னது பத்து வயது மகன் ரேய்னரிடம். அவன் ஒரு சிறிய அறிக்கை எழுதிக் கொடுத்தான். கூலி ஒரு ஷில்லிங். அந்த ரேய்னர்தான் பின்னாளில் பதிப்பகத்துக்குள் வந்து, ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நஷ்டம் தரக்கூடும் என்று தெரிந்தும் அதைப் போடுவோம் என்று அப்பாவிடம் வாதாடினார். உங்கள் அண்ணன் மகளோ பக்கத்து வீட்டுப் பையனோ யாராவது இருப்பார்கள். சத்தமாகப் படியுங்கள். பிள்ளை எங்கே எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறதோ, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுத் தொடர்ந்து படியுங்கள். எதற்காக எழுந்தாய் என்று கேட்காதீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்தக் கோட்டுக்கு முந்தைய அரைப் பக்கத்தைத் திரும்பப் பாருங்கள். அங்கே அநேகமாக யாரோ யாருக்கோ வரலாறு விளக்கிக்கொண்டிருப்பார்கள்.

வாசகர் வட்டச் செயலாளரிடம் பேசியிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தை முதல் அத்தியாயங்களை வாசிப்பதற்கென்றே ஒதுக்கச் சம்மதித்திருக்கிறார். ஆளுக்குப் பத்துப் பக்கம், ஒரு பக்கம் மட்டும் எழுதிய தாள், வரிகளுக்கு நடுவே திருத்த இடம் விட்டு. கையால் எழுதியிருந்தாலும் சரி. முன்வரிசையில் உட்காரப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை நான் கூட்டிவருகிறேன். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வாசல் மேஜையில் இருக்கும் நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள். இப்போது உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.